பாட்டியின் தாலாட்டும் குளிர்பதனப் பெட்டியின் உறுமலும்: வீட்டு ஒலிப்பதிவில் இரைச்சலைத் தவிர்ப்பது எப்படி?

கோலாலம்பூரில் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்பவர், காற்றாடியை நிறுத்திவிட்டு வியர்வையில் நனைந்தபடி பாட வேண்டும். கேமரன் மலையில் அந்தத் தொல்லை இல்லை. கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவில் காற்றாடியும் வேண்டாம், குளிர்சாதனமும் வேண்டாம். ஆனாலும் இங்கே பதிவாகும் பாடல்களிலும் இரைச்சல் புகுந்துவிடுகிறது. தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, சாயங்காலச் சில்வண்டு, காய்கறி லாரி என்று அதற்குப் பல வழிகள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரிங்லெட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், என் பாட்டி பாடிய தாலாட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். மொத்தம் பதினொரு நிமிடம். ஊர் திரும்பிய பிறகுதான் போட்டுக் கேட்டேன். தொடக்கத்திலிருந்தே குளிர்பதனப் பெட்டி உறுமுகிறது. நான்காவது நிமிடத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. ஒரு செயலியில் போட்டுச் சுத்தம் செய்தேன். மழை பாதி போனது, பாட்டியின் குரலும் பாதி போனது. அன்றைக்கே கேட்டுப் பார்த்திருந்தால், "பாட்டி, இன்னொரு தடவை பாடுங்க" என்று சொல்லியிருக்கலாம். இப்போது அவருக்குக் குரல் எழும்புவதில்லை.

இரைச்சலைப் பதிவுக்குப் பிறகு நீக்குவதைவிட, பதிவுக்கு முன் நிறுத்துவதே எளிது என்பதை அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் கற்றுக்கொண்டேன். பிறகு தெரிந்துகொண்டதை எல்லாம் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு நிமிட அமைதி

பாடுவதற்கு முன், எல்லாவற்றையும் தயார் செய்துவிட்டு, யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். காதில் ஹெட்ஃபோன் மாட்டி, ஒலியளவை நன்றாகக் கூட்டி அதைக் கேளுங்கள். நம் காது பழகிப்போன சத்தத்தை ஒதுக்கிவிடும். மைக் எதையும் ஒதுக்காது. வீட்டில் இத்தனை சத்தமா என்று வியப்பாக இருக்கும். படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வோர் இடத்திலும் இப்படி வெறும் அமைதியைப் பதிவு செய்துகொள்வது வழக்கம்.

அதன் பிறகு ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியை நிறுத்தி ஒரு முறை, விளக்கை அணைத்து ஒரு முறை, சார்ஜரைக் கழற்றி ஒரு முறை. எதை நிறுத்தும்போது சத்தம் போகிறதோ அதுதான் காரணம். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. குளிர்பதனப் பெட்டியை நிறுத்தினால், வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். வெளியே கிளம்பும்போது மீண்டும் சுவிட்சைப் போட மறக்க மாட்டீர்கள்.

காற்றில் வருகிறதா, வயரில் வருகிறதா?

"ம்ம்ம்" என்று ஒரே சீராக ஒலிக்கும் இரைச்சலுக்கு ஓர் எளிய சோதனை உண்டு. மைக்கை வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். சத்தம் குறைந்தால் அது காற்றில் வருகிறது. எங்கே கொண்டுபோனாலும் அதே அளவில் இருந்தால், அது பெரும்பாலும் வயரில் வருகிறது.

மலேசியாவில் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது பதிவுக்குள் புகுந்தால் 50, 100 ஹெர்ட்ஸில் தாழ்ந்த ரீங்காரமாகக் கேட்கும். மடிக்கணினியில் பதிவு செய்பவர்கள் முதலில் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். மைக் வயரும் மின்சார வயரும் ஒட்டி ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கிட்டே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி போலக் குறுக்காகப் போகட்டும். மிக்சர், கணினி, ஒலிபெருக்கி மூன்றும் வெவ்வேறு சுவர்ப் பிளக்குகளில் இருந்தாலும் ரீங்காரம் வரலாம். மூன்றையும் ஒரே பிளக் பலகைக்கு மாற்றிப் பாருங்கள்.

சிலர் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை நீக்கிவிட்டால் சத்தம் போய்விடும் என்று சொல்வார்கள். சத்தம் போகலாம். ஆனால் மின்கசிவு ஏற்பட்டால், உலோக மைக்கைப் பிடித்துப் பாடுபவரின் உயிரும் போகலாம். பழைய வயரிங் உள்ள லயத்து வீடுகளில் இது இரட்டை ஆபத்து. எர்த் முள்ளைத் தொடவே வேண்டாம். சுவிட்சிலோ பிளக்கிலோ சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற வயர்மேனை அழைத்துக் காட்டுங்கள்.

பதிவின் இடையே "டிடிட் டிடிட்" என்று கேட்டால் அது பக்கத்தில் இருக்கும் கைப்பேசி. அதை விமானப் பயன்முறையில் போடுங்கள். பதிவு செய்வதே கைப்பேசியில்தான் என்றாலும் அப்படியே செய்யுங்கள். பாதிப் பாட்டில் அழைப்பு வராது.

லயத்துச் சுவரும் தோட்டத்து நேரமும்

வெளியே இருந்து வரும் சத்தத்தை வீட்டில் இருந்துகொண்டு முழுமையாகத் தடுக்க முடியாது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டினால் சத்தம் வராது என்பது தவறான நம்பிக்கை. சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடைவெளி இல்லாத கதவும் வேண்டும். அட்டைக்கு அந்தக் கனம் இல்லை.

ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். பகலில் கொழுந்து வெட்டும் இயந்திரம் ஓடும். கொழுந்தை வாட்டுவதற்குத் தொழிற்சாலைகளில் பெரிய காற்றாடிகள் மணிக்கணக்கில் சுழலும். அருகில் வீடு இருந்தால் அந்த உறுமல் இரவிலும் கேட்கும். பொழுது சாயும்போது சில்வண்டு தொடங்கிவிடும். பிற்பகலில் மழை எப்போது வேண்டுமானாலும் வரலாம். ஒரே நாளில் நான்கைந்து வேளைகளில் ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்து ஒப்பிட்டால், உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரம் தெரிந்துவிடும்.

லயத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பக்கத்து வீட்டு அக்காவிடம், "பாட்டி பாடப் போறாங்க, ஒரு மணி நேரம் டிவியைக் கொஞ்சம் குறைச்சு வைங்கக்கா" என்று சொல்லி வையுங்கள். பணம் செலவில்லாத தீர்வு இதுதான். அவரும் வந்து உட்கார்ந்து கேட்பார்.

கம்பளியும் ஒரு சாண் தூரமும்

அறைக்குள் குரல் சுவரில் பட்டுத் திரும்புவதால் எதிரொலி எழும். அதற்கு மருந்து மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கிறது: கம்பளி. பாடுபவருக்குப் பின்னாலும் பக்கங்களிலும் கொடி கட்டிக் கனமான கம்பளியைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரி உள்ள படுக்கையறை, வெறுமையான முன்கூடத்தைவிட நல்லது. கம்பளி எதிரொலியைக் குறைக்கும். வெளிச் சத்தத்தைத் தடுக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வித்தியாசம் தருவது தூரம். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் உயரும். இரைச்சல் அப்படியே இருக்கும். நான் செய்த தவறும் இதுதான்: கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டேன், பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். ஒரு சாண் தூரம் போதும். "ப" என்று உச்சரிக்கும்போது காற்று அடித்து "டப்" என்று கேட்டால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். முன்பக்கம் மட்டும் வாங்கும் மைக்காக இருந்தால், அதன் முதுகு சத்தம் வரும் திசையைப் பார்க்கட்டும்.

"ஸ்ஸ்ஸ்" என்ற சத்தம் பெரும்பாலும் மைக் தொலைவில் இருந்து, ஒலியளவை அதிகமாகக் கூட்டுவதால் வருவது. அருகில் வைத்து அளவைக் குறையுங்கள். உச்சக் குரலிலும் அளவுமானி −12 முதல் −6 டெசிபலுக்குள் நின்றால் போதும்.

மலைப் பனிக்கு உரிய தொல்லை ஒன்றும் உண்டு. கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் "படபட" என்று வெடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, பதிவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து வெளியே வையுங்கள்.

மென்பொருள் எவ்வளவு உதவும்?

ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதி இருக்கிறது. நீங்கள் பதிவு செய்த அந்த ஒரு நிமிட அமைதியை மாதிரியாகக் காட்டினால், அதே போன்ற சத்தத்தை முழுப் பாட்டிலும் குறைத்துக் கொடுக்கும். காற்றாடி, ரீங்காரம், "ஸ்ஸ்ஸ்" போன்ற சீரான சத்தங்களுக்கு இது உதவும். நாய் குரைப்பு, மோட்டார் சைக்கிள், ஏறி இறங்கும் மழை ஆகியவற்றுக்கு அவ்வளவாக உதவாது. 6 முதல் 12 டெசிபல் வரை குறைத்தால் போதும். பேராசைப்பட்டால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போலாகிவிடும். மூலப் பதிவை எப்போதும் தனியாக வைத்திருங்கள். புலனத்தில் அனுப்பும்போது குரல் பதிவாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், தரம் குறையாது.

போ தோட்டம் 1929-இலும் பாரத் தோட்டம் 1933-இலும் தொடங்கின. அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைத் தங்கள் பெற்றோரிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று முதியவர்கள். அவர்களின் தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் எழுத்தில் இல்லை, வாயில்தான் இருக்கின்றன. பிள்ளைகள் ஊருக்கு வருவது தீபாவளிக்கு. கேமரன் மலையில் அக்டோபரும் நவம்பரும்தான் மழை மிகுந்த மாதங்கள். மழை குறைவது ஜனவரி, பிப்ரவரியில். எனவே பாட்டுப் பதிவைப் பொங்கல் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்தில் பாடுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், தேதி மூன்றையும் சொல்ல வையுங்கள். முடித்ததும் கிளம்பிவிடாமல், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு முறை முழுவதையும் போட்டுக் கேளுங்கள்.