இறைச்சியும் போஞ்சிக்கொட்டையும் ஒரே சட்டியில்: கொடிகாமத்துக் கூழ் காட்டும் வழி



"அம்மா, உங்களுக்கு இரத்தம் காணாது" என்று கிளினிக்கில் குடும்பநல மாது சொல்லிக் கேட்காத தாய்மார் நம்ம லயங்களில் குறைவு. கர்ப்பிணித் தாயின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் அது இரத்தச் சோகை. மற்றப் பெண்களுக்கு 12 கிராம் கணக்கு. ஏற்றத்தில் கூடையோடு ஏறும்போது மூச்சு வாங்குவது, எழும்பினால் தலை சுற்றுவது, மத்தியானத்துக்குப் பிறகு கொழுந்தெடுக்கக் கை ஓடாமல் போவது எல்லாம் இதன் அடையாளங்கள். தாய்க்கு இரத்தம் குறைந்தால் பிள்ளையும் நிறை குறைந்து பிறக்கலாம்.

கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் கட்டாயம் விழுங்க வேண்டும். அதோடு வீட்டு அடுப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. இறைச்சி அல்லது கருவாடு கொஞ்சம், போஞ்சிக்கொட்டை தாராளம், கீரை, புளி, மிளகாய் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு வீடு முழுவதும் வயிறார உண்ணுகிற சாப்பாடு அது. இதைச் செய்யும் முறையை நாம் யாழ்ப்பாணத்துக் கொடிகாமம் பக்கத்துக் கூழிலிருந்து படிக்கலாம்.

கொடிகாமம் எங்கே இருக்கிறது?

கண்டியில் தொடங்கி வடக்கே போகும் ஏ-9 வீதியில் யாழ்ப்பாண நகரத்தை எட்டுவதற்கு முன்பே வரும் ஊர் கொடிகாமம். தென்மராட்சிப் பகுதியைச் சேர்ந்தது. 1990-ல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் 2014-ல் மறுபடி ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் கொடிகாமமும் ஒரு ஸ்டேஷன். தேங்காய், பலா, மாங்காய், பனம்பொருள் எல்லாம் வந்து சேரும் சந்தை அங்கே உண்டு. தெற்கே கடல்நீரேரி இருப்பதால் மீன், நண்டு, இறாலுக்கும் குறைவில்லை.

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்ம தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் போய்க் குடியேறின. அந்தச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய் வந்தவர்கள் ஒடியல் கூழ் குடித்திருப்பீர்கள்.

கூழ் என்றதும் நமக்குக் குரக்கன் கூழ்தான் ஞாபகம் வரும். ஆடி மாதத்தில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் போட்டுக் காய்ச்சும் ஆடிக்கூழும் வேறு. ஒடியல் கூழ் உறைப்பானது. பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவில்தான் இந்தக் கூழ். மீன், நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, கீரை, கொஞ்சம் அரிசி, செத்தல் மிளகாய், பழப்புளி எல்லாம் ஒரே பானையில் வேகும். பனையோலையில் பிளா கோலி, குடும்பமே சுற்றி உட்கார்ந்து சுடச்சுடக் குடிப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒடியல் மா வயிற்றை நிரப்பும், கூழைத் தடிப்பாக்கும். உடம்புக்குப் பலம் வருவது மீனிலும் கொட்டையிலும் கீரையிலும் இருந்துதான். ஒரு பிடி மீனை ஆளுக்கு ஒரு துண்டாகப் பொரித்து வைத்தால் நாலு பேருக்குக் கூடக் காணாது. அதையே கூழில் போட்டால் பத்துப் பேருக்கும் கிடைக்கும்.

கடல் கடந்த ஒரு சொந்தம்

அமெரிக்காவில் டெக்சஸ் என்ற மாநிலத்தில் மாட்டிறைச்சியும் மிளகாயும் போட்டு ஒரு தடிப்பான குழம்பு வைப்பார்கள். அதற்குப் பெயர் 'சில்லி'. பல வீடுகளில் சிவப்புப் போஞ்சிக்கொட்டையும் சேர்ப்பார்கள். நூறு வருடங்களுக்கு முன்னர் சான் அன்டோனியோ நகரத்துச் சந்தையில் பெண்கள் பெரிய சட்டிகளில் காய்ச்சி, கூலிவேலைக்காரருக்கும் பயணிகளுக்கும் விற்றார்கள். 1977-ல் டெக்சஸ் அரசு அதைத் தன் மாநில உணவாக அறிவித்தது.

நம்ம கூழில் போடும் மிளகாய், மரவள்ளி, போஞ்சி மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். 1505-ல் போர்த்துக்கேயர் இங்கே வந்திறங்கும் காலம் வரை நம்மவர்கள் காரத்துக்கு நம்பியிருந்தது மிளகை. இரண்டு ஊர்க்காரருக்கும் வந்த யோசனை ஒன்றுதான்: கொஞ்ச இறைச்சியை நிறையக் கொட்டையோடு சேர்த்துப் பல பேருக்குப் பசியாற்றுவது.

நம்ம அடுப்பில் செய்யும் முறை (6 பேருக்கு)

போஞ்சிக்கொட்டை (காய்ந்தது) அல்லது கௌபி - 250 கிராம்
இறைச்சி - 250 கிராம், அல்லது நெத்தலிக் கருவாடு - 100 கிராம்
மரவள்ளிக் கிழங்கு - 250 கிராம்
பலாக்கொட்டை - 15 (கிடைத்தால்)
பச்சைப் போஞ்சி அல்லது பயிற்றங்காய் - ஒரு பிடி
கீரை - ஒரு கட்டு
அரிசி - ஒரு பிடி
ஒடியல் மா அல்லது குரக்கன் மா - 150 கிராம்
செத்தல் மிளகாய் - 10
உள்ளி - 6 பல்லு
மஞ்சள், உப்பு, எலுமிச்சங்காய் அளவு பழப்புளி
தேசிக்காய் - 2

இறைச்சி என்றால் மாடு, ஆடு, கோழி எதுவும் சரி. மாட்டிறைச்சி தின்னாத வீடுகள் நம்மிடம் அதிகம். அவரவர் வழக்கப்படி செய்யலாம். ஈரல் கிடைத்தால் அதில் இரும்புச்சத்து இன்னும் கூட. ஆனால் கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

1. காலையில் வேலைக்குப் போகுமுன் கொட்டையைக் கழுவி, நிறையத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். பின்னேரம் வரும்போது எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஊறியிருக்கும். விறகும் மிச்சம்.

2. ஊறிய தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் அடுப்பில் வையுங்கள். நன்றாகத் தளதளவென்று அரை மணித்தியாலமாவது கொதிக்க வேண்டும். பிறகு தீயைக் குறைத்து, விரலால் நசுக்கினால் மசியும் வரை வேகவிடுங்கள். நாட்டிறைச்சி என்றால் சின்னத் துண்டுகளாக வெட்டி, கொட்டை பாதி வெந்ததும் போடலாம்.

3. ஒடியல் மா கிடைத்தவர்கள் அதைத் தண்ணீரில் கரைத்து ஊறவிடுங்கள். மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். இரண்டு மூன்று தரம் செய்தால் கைப்புப் போகும். குரக்கன் மா என்றால் இது தேவையில்லை, தண்ணீரில் கரைத்தால் போதும்.

4. கொட்டை வெந்ததும் அரிசி, தோல் நீக்கிய மரவள்ளி, பலாக்கொட்டை, பச்சைப் போஞ்சி, மஞ்சள் போட்டு மூடாமல் வேகவிடுங்கள். சட்டியில் தண்ணீர் 10 கோப்பையளவு நிற்கட்டும். மரவள்ளியோடு இஞ்சி சேர்ப்பது நம்ம வழக்கமில்லை, இங்கேயும் வேண்டாம்.

5. கருவாடு போடுகிறவர்கள் சுடுதண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி இப்போது சேருங்கள். பிரஷர் உள்ளவர்கள் வேறு உப்பே போட வேண்டாம்.

6. சின்னப் பிள்ளை இருந்தால், உறைப்புப் போடுமுன் அதற்கு ஒரு கோப்பை எடுத்து வைத்து மசித்துக் கொடுங்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் கொட்டையும் இறைச்சியும் நன்றாக மசித்துக் கொடுக்கலாம்.

7. செத்தல் மிளகாயையும் உள்ளியையும் அம்மியில் அரைத்துப் போடுங்கள். புளியைக் கரைத்து விடுங்கள். புளியை முன்னாலேயே விட்டால் கொட்டை வேகாது.

8. கரைத்த மாவைக் கிண்டிக்கொண்டே ஊற்றுங்கள். பச்சை வாடை போய்த் தடிப்பாகும் வரை அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும். கடைசியில் கீரையைப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். ஆளாளுக்குப் பரிமாறிய பிறகு தேசிக்காய் பிழியுங்கள்.

கொட்டை விஷயத்தில் அவசரம் கூடாது

சிவப்புப் போஞ்சிக்கொட்டையில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. அரைவேக்காட்டில் தின்றால் சில மணித்தியாலங்களில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். நன்றாகக் கொதித்தால் அந்த நச்சு அழிந்துவிடும். கொதிக்காமல் கணகணப்புச் சூட்டில் வைத்திருந்தால் அழியாது.

மலையில் இருக்கும் நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. கடல் மட்டத்தில் இருக்கும் கொடிகாமத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன் பக்கம் 96 பாகை அளவில். தண்ணீர் தளதளத்தாலும் சூடு அவ்வளவு இல்லை. அதனால்தான் நம்மிடம் பருப்பும் கொட்டையும் வேக நேரம் எடுக்கிறது. யாழ்ப்பாணத்தவர் சொல்லும் நேரத்தை நம்பி இறக்கிவிடாதீர்கள். பிரஷர் குக்கர் உள்ளவர்களுக்குக் கவலையில்லை.

இரத்தம் ஊறுவது எப்படி?

இரும்புச்சத்து இரண்டு வகை. இறைச்சி, மீன், கருவாட்டில் இருப்பதை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கொட்டை, கீரை, தானியத்தில் இருப்பதில் கொஞ்சத்தைத்தான் எடுக்கும். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் இறைச்சியும் மீனும் கொட்டையில் உள்ள சத்தையும் சேர்த்து இழுத்துக் கொடுக்கும். தேசிக்காய், கொய்யா, நெல்லிக்காய் போன்றவற்றில் உள்ள விட்டமின் சி-யும் அதே உதவியைச் செய்யும். கொதிக்கும் சட்டியில் பிழிந்தால் அந்த விட்டமின் அழியும். அதனால்தான் இறக்கிய பிறகு பிழியச் சொன்னோம்.

இனி நம்ம தேத்தண்ணி. சொல்லக் கஷ்டமான விஷயந்தான். நாம் வளர்த்து, நாம் பறித்து, உலகத்துக்கே அனுப்புகிற தேயிலை. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால், அதில் உள்ள சாயம் கொட்டை, கீரையில் இருக்கும் இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் சேரக்கூடியதில் பாதிக்கு மேல் வீணாகிவிடும். ரொட்டியும் சம்பலும் தின்றுவிட்டு உடனே சாயத்தண்ணி குடிக்கும் பழக்கம் நம்ம இரத்தத்தைக் குறைக்கிற காரணங்களில் ஒன்று. இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குவதும் பிழை. தேத்தண்ணியை விட வேண்டியதில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடியவை

"இறைச்சி வாங்கக் காசுக்கு எங்கே போறது?"
2022 நெருக்கடியிலிருந்து இறைச்சி, மீன் விலையெல்லாம் கைக்கெட்டாமல் போனது உண்மைதான். இறைச்சி இல்லாத நாட்களில் நெத்தலிக் கருவாடு போதும். அதுவும் இல்லாவிட்டால் கொட்டையும் கீரையும் தேசிக்காயும் போட்டுச் செய்யுங்கள். மரக்கறித் தோட்டத்தில் முற்றிக் காய்ந்த போஞ்சியை எறியாமல் விதை உரித்து வைத்தால் காசும் மிச்சம். 100 கிராம் காய்ந்த கொட்டையில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. நிறைக்கு நிறை பார்த்தால் அது பச்சை இறைச்சிக்குக் குறைந்ததில்லை.

"ஆம்பிளைங்களுக்குப் போட்ட பிறகு மிச்சந்தானே நமக்கு?"
இந்தப் பழக்கம் மாற வேண்டும். மாதவிடாயிலும் பிள்ளைப் பேற்றிலும் இரத்தம் இழப்பது பெண்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் அளவு இரும்புச்சத்து தேவை. ஆம்பிளைக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டாம். கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் முதலில் அடிச்சட்டியிலிருந்து கொட்டையும் இறைச்சியும் அள்ளிப் போடுங்கள். அண்ணன்மாரே, இதை நீங்களே முன்னுக்கு வந்து செய்தால் வீட்டில் யாருக்கும் சங்கடமில்லை.

"கொட்டை சாப்பிட்டா வாயு பிடிக்குமே?"
ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டால் குறையும். முதலில் கொஞ்சமாகத் தொடங்கினால் வயிறு பழகிவிடும்.

"மிஞ்சினதை நாளைக்கு வைக்கலாமா?"
அன்றைக்கே தீரும் அளவுக்குச் செய்வதுதான் நல்லது. குளிரூட்டி இல்லாத வீட்டில் கூழ் சீக்கிரம் கெடும்.

"நல்லாச் சாப்பிட்டும் இரத்தம் ஏறலியே?"
பூச்சி இருந்தாலும், மாதவிடாய் அதிகமாகப் போனாலும், வேறு நோய் இருந்தாலும் ஏறாது. தோட்ட வைத்திய உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

வெட்டிச் சுவரில் ஒட்டி வைக்க

- கொட்டையை எட்டு மணித்தியாலம் ஊறப் போடு, தண்ணீரை ஊற்றிவிடு.
- அரை மணித்தியாலம் நன்றாகக் கொதிக்கவிடு, மசியும் வரை வேகவிடு.
- கொஞ்சம் இறைச்சியோ கருவாடோ கொட்டையோடு சேர்.
- இறக்கிய பிறகு தேசிக்காய் பிழி.
- சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி.
- கர்ப்பிணிக்கும் பிள்ளைக்கும் முதல் அகப்பை.

வாரத்தில் இரண்டு நாளாவது இந்தச் சட்டியை அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் உங்கள் இரத்த அளவு எவ்வளவு என்று கேட்டு, கார்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.