மடியில இருக்கிற குழந்தை எத்தனை கிலோ?

இன்னைக்கு ஒரே ஒரு ஃபார்முலாதான்: விசை = நிறை × முடுக்கம். நியூட்டன் 1687-ல் வெளியிட்ட இரண்டாம் இயக்க விதியில இருந்து வர்றது. ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்போம். அதை ரோட்டுல வெச்சுப் பார்க்கலாம்.

மதுரை – தூத்துக்குடி நாலுவழிச் சாலை. அருப்புக்கோட்டை தாண்டி ஒரு கார் போகுதுன்னு வெச்சுக்கோங்க. முன்சீட்டுல அம்மா, மடியில 10 கிலோ குழந்தை. வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர். அதை 3.6-ஆல வகுத்தா நொடிக்கு 15 மீட்டர்.

முதல்ல, ஆடு குறுக்க வருது. பிரேக் போட்டு 3 நொடியில கார் நிக்குது. வேகம் குறையுறதும் முடுக்கம்தான். திசை மட்டும் எதிர். 15-ஐ 3-ஆல வகுத்தா 5. குழந்தையைப் பிடிச்சு நிறுத்த 10 × 5 = 50 நியூட்டன் விசை வேணும். ஒரு கிலோவைத் தூக்க சுமார் 10 நியூட்டன். அப்போ இது 5 கிலோ அரிசிப் பையைத் தூக்குற மாதிரி. கை தாங்கிடும்.

இப்போ அதே கார், நிக்கிற லாரியில மோதுது. 0.1 நொடியில வேகம் பூஜ்யம். முடுக்கம் 150. விசை 10 × 150 = 1500 நியூட்டன், அதாவது 150 கிலோவைத் தூக்குற விசை. திருச்சுழி பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டுக் கரி எடுப்பாங்க. ஒரு கரிமூட்டை 30 கிலோன்னா, அஞ்சு மூட்டையை ஒரே நேரத்துல பிடிக்கணும், அதுவும் கண் சிமிட்டுற நேரத்துக்குள்ள.

குழந்தையோட நிறை மாறல. காரோட வேகமும் அதேதான். நிக்கிறதுக்கு எடுத்த நேரம் முப்பதுல ஒரு பங்காச்சு, விசை முப்பது மடங்காச்சு.

“நான் கெட்டியாப் பிடிச்சுக்குவேன்”னு வீட்டுல சொல்றாங்கன்னா அது பொய் இல்ல. தினமும் போடுற பிரேக்குல அவங்க கைக்குப் பழகினது அந்த 50 நியூட்டன்தான். 1500 எப்படி இருக்கும்னு அந்தக் கைக்குத் தெரியாது.

அம்மாவையும் குழந்தையையும் ஒரே பெல்ட்டுல கட்டுறதும் ஆபத்து. 60 கிலோ அம்மாவை நிறுத்த 9000 நியூட்டன் வேணும். நடுவுல நசுங்குறது குழந்தை.

அதனால பின்சீட்டுல, குழந்தைக்குன்னே இருக்கிற சைல்டு சீட். வாங்கலாமா வேணாமான்னு வீட்டுல பேச்சு வந்தா, பேப்பரை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்!