மிதிக்கிற சைக்கிளா, பேட்டரி சைக்கிளா? புதுக்கோட்டை எப்போதோ சொன்ன பதில் தெரியுமா?

"மிதிக்காமப் போறதுக்குப் பேரு சைக்கிளா?" என்று உடற்பயிற்சிக்காக விடிகாலையில் கிளம்புகிற சைக்கிள் பிரியர்கள் கேட்கிறார்கள். "நாள் பூரா வேலை செஞ்ச காலுக்குக் கொஞ்சம் ஒத்தாசை வேணாமா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வருகிறது. பேட்டரி சைக்கிள் வந்ததிலிருந்து உலகத்துச் சைக்கிள்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். இந்த வழக்கை விசாரிக்க நம் புதுக்கோட்டை மாவட்டத்தை விடப் பொருத்தமான இடம் பூமியில் வேறு கிடையாது. ஏன் தெரியுமா?

1991! மாவட்டமெங்கும் அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். 'அ', 'ஆ' சொல்லிக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுங்கள் என்று முடிவாகிறது. எழுத்தறிவுத் திட்டத்துக்குள் சைக்கிள்! அடுத்து நடந்ததை நம்பவே முடியாது. 18 மாதங்களில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். ஒரு லட்சம்! பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் வந்து பார்த்து எழுதியது இது. 1996-ல் வெளியான அவருடைய புகழ்பெற்ற நூலில் புதுக்கோட்டைக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கற்றுக்கொண்டவர்கள் யார் யார்? கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், சத்துணவு ஊழியர்கள், பால்வாடி ஆசிரியைகள், கிராமச் செவிலியர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் திரண்டு போனபோது ஊரே வாசலுக்கு வந்து நின்றது. பெண்கள் சைக்கிள் கற்பதற்கென்றே ஒரு பாட்டும் எழுதப்பட்டது. எழுதியவர் அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன், ஓர் ஆண்!

கேலி இல்லாமல் இருந்ததா? இருந்தது, காது கூசும் அளவுக்கு இருந்தது. அதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் மிதித்தார்கள்.

அடுத்த விஷயத்தில்தான் நம் வழக்குக்கான சாட்சி இருக்கிறது. ஒரே வருடத்தில் புதுக்கோட்டையின் ஒரு சைக்கிள் கடையில் லேடீஸ் சைக்கிள் விற்பனை 350 சதவீதம் உயர்ந்தது! கடையில் வண்டி தீர்ந்துபோனது. காத்திருக்கப் பொறுமை இல்லாத பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜென்ட்ஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி கிடைத்த பிறகும் சிலர் ஜென்ட்ஸ் சைக்கிளே போதும் என்றார்கள். அதில்தானே நடுவில் பார் இருக்கிறது, பிள்ளையை உட்கார வைக்கலாம்! எது பெண்ணுக்கான வண்டி என்று கம்பெனிக்காரர் வரைந்து கொடுத்த கோட்டை இவர்கள் அழித்துவிட்டார்கள். முன்னால் பிள்ளை, பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடங்கள். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் நாலு குடத்துக்கு 60 கிலோ! வண்டியின் எடையைப் போல மூன்று மடங்கு!

இப்போது சொல்லுங்கள், இந்தப் பெண்ணிடம் போய் "மோட்டார் வைத்தால் அது ஏமாற்று வேலை" என்று யாராவது சொல்ல முடியுமா? உழைத்துக் களைத்துச் சைக்கிள் ஏறுகிறவருக்கும், களைப்பதற்காகவே சைக்கிள் ஏறுகிறவருக்கும் ஒரே சட்டம் போடக் கூடாது என்பது என் கட்சி. அறிவொளியின் பெண் தொண்டர்களுக்கு யுனிசெஃப் அப்போதே 50 மொபெட்டுகளை ஒதுக்கியது என்பது இன்னொரு ஆச்சரியம். மிதிவண்டிப் புரட்சியின் நடுவிலேயே மோட்டாரும் வந்து சேர்ந்துவிட்டது!

சரி, சைக்கிளில் மோட்டார் வைப்பது புதுசு என்று நினைக்கிறீர்களா? 1895 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் ஆக்டன் போல்டன் பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் பொருத்திய பேட்டரி சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்! 130 வருடத்துப் பழசு! மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வகையை யமஹா கம்பெனி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது 1993-ல். அதாவது, புதுக்கோட்டைப் பெண்கள் பாலன்ஸ் பழகி முடித்த அதே காலம்.

'ஏமாற்று வேலை' என்ற குற்றச்சாட்டு அதைவிடச் சுவாரசியமானது. கியர் சைக்கிளையே ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள், தெரியுமா? 'டூர் தே பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெகிராஞ்சுக்குக் கியர் என்றாலே ஆகாது. அது வயதானவர்களுக்கான சமாச்சாரம் என்பது அவர் எண்ணம். ஓடும்போதே கியர் மாற்றும் கருவி அந்தப் பந்தயத்துக்குள் நுழைய 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்குக் கியர் இல்லாமல் அங்கே யார் ஓட்டுகிறார்கள்? ஆனால் பந்தயத்தில் மோட்டார் என்பது வேறு கதை. 2016-ல் பெல்ஜியத்தில் நடந்த உலகப் போட்டியில் ஒரு வீராங்கனையின் சைக்கிள் சட்டத்துக்குள் மறைத்து வைத்த மோட்டார் பிடிபட்டது. ஆறு வருடத் தடை! அது சரியான தண்டனைதான். பந்தயத்தில் ஒளித்து வைப்பது திருட்டு. தண்ணீர்க் குடத்தோடு போகிறவர் யாரோடு போட்டி போடுகிறார்?

"மோட்டார் இருந்தால் உடம்புக்கு வேலையே இல்லையே!" என்பவர்களுக்கும் ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன். லண்டன், ரோம், வியன்னா உட்பட ஏழு ஐரோப்பிய நகரங்களில் 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்த ஆய்வு 2019-ல் வெளியானது. மிதித்தால் மோட்டார் உதவும் வண்டிக்காரர்களின் மொத்த உடலுழைப்பு, சாதா சைக்கிள்காரர்களின் உழைப்புக்குக் குறையவில்லை! காரணம் எளியது: சுலபமாக இருப்பதால் தூரமாகப் போகிறார்கள். ஜெர்மனியில் 2023-ல் முதன்முறையாகச் சாதா சைக்கிளைவிட மோட்டார் சைக்கிள்கள்... இல்லை, நம்மூரில் அப்படிச் சொன்னால் புல்லட் என்று நினைப்பார்கள், பேட்டரி சைக்கிள்கள் அதிகம் விற்றன. நெதர்லாந்தில் அதே வருடம் புதிதாக விற்றதில் பாதிக்கு மேல் அதுதான்.

நம்மூர்க் கணக்குக்கு வருவோம். ஒரு மனிதர் மணிக்கணக்காகத் தொடர்ந்து உழைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 75 வாட் சக்தி. நம் நாட்டு விதிப்படி லைசென்ஸோ பதிவோ இல்லாமல் ஓட்டக்கூடிய பேட்டரி சைக்கிளின் மோட்டார் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த மோட்டாரே மூன்று ஆள் பலம்! ஆடிக்காற்று முகத்தில் அடிக்கும்போது மிதித்துப் பாருங்கள், அந்த மூன்று பேரின் அருமை தெரியும். முகத்தில் மோதும் காற்றின் வேகம் இரட்டித்தால் அது தடுக்கும் விசை நான்கு மடங்காகிறது!

மின்சாரச் செலவு? 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியை முழுசாக நிரப்பினால் 0.36 யூனிட். ஒரு மின்விசிறி ஐந்து மணி நேரம் சுற்றும் செலவு! அதில் புதுக்கோட்டையிலிருந்து சித்தன்னவாசல் போய் ஓவியத்தைப் பார்த்துத் திரும்பலாம். தினமும் சார்ஜ் போட்டாலும் இரண்டு மாதத்துக்கு 25 யூனிட் வந்தால் அதிகம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் ஆயிற்றே!

இதற்கு நேர் எதிரான அதிசயம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990-களின் போர்க்காலம்; மின்சாரம் இல்லை, எரிபொருளுக்குத் தடை. ஊரே சைக்கிளில் போனது. ராத்திரியில் அதே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் எடுத்து வானொலிச் செய்தி கேட்டார்கள்! இன்று மின்சாரம் சைக்கிளை ஓட்டுகிறது. அன்று சைக்கிள் மின்சாரத்தை ஊட்டியது.

சாதா சைக்கிளின் கட்சியையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குரங்குப் பெடல் போட்டு நம் பிள்ளைகள் பழகியது அதில்தான். செயின் கழன்றால் குச்சியால் மாட்டிக்கொள்ளலாம். பஞ்சரானால் எந்த ஊர் முக்கிலும் ஒரு கடை இருக்கும். 2001-ல் மாணவியரில் ஒரு பகுதியினருக்குத் தொடங்கி, பிறகு பிளஸ் 1 மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்த அரசின் இலவச சைக்கிள், எத்தனை பெண்களைப் பள்ளியில் நிலைக்க வைத்திருக்கிறது! பேட்டரி வண்டியோ 20 கிலோவைத் தாண்டும். நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால் அத்தனை எடையையும் சேர்த்து மிதிக்க வேண்டும். சில வருடங்களில் பேட்டரி தளர்ந்துவிடும், புதுசு வாங்கப் பெருந்தொகை வேண்டும். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் கண்ட்ரோலர் பழுதானால் யாரிடம் கொடுப்பது? என்னைப் பொறுத்தவரை சைக்கிள்காரர்கள் சண்டை போட வேண்டிய கேள்வி இதுதான்.

கோவையில் 2008-ல் ஆம்பியர் கம்பெனியைத் தொடங்கி ஹேமலதா அண்ணாமலை பேட்டரி சைக்கிள்கள் செய்தார். செய்யத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே உண்டு என்பதற்கு அது போதும். மீதியைப் புதுக்கோட்டை ஏற்கெனவே ஒருமுறை செய்து காட்டியிருக்கிறது: ஷீலா ராணி சுங்கத் அன்று வங்கிகளிடம் பேசிப் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கிடைக்க வழி செய்தார், தெரியுமா? அதே கடன் பேட்டரி சைக்கிளுக்கும் வேண்டும். அதோடு ஊர் முக்குப் பஞ்சர் கடைக்காரருக்குப் பேட்டரியும் கண்ட்ரோலரும் பழுது பார்க்கப் பயிற்சி வேண்டும், ஒன்றியத்துக்கு ஒருவருக்காவது!