மராக்காய்போ ஏழைகளுக்கு உலகம் பட்ட கடன்

வைத்திய சாஸ்திரம் அடைந்த வெற்றிகளைப் பற்றிப் பேசும்பொழுது, ஆராய்ச்சிக்கூடங்களில் இரவு பகலாய் உழைத்த மேதாவிகளின் பெயர்களை நாம் நன்றியுடன் நினைக்கிறோம். அது முற்றிலும் நியாயமே. ஆயினும், அம்மேதாவிகளின் கண்ணாடிக் குழாய்களில் இருந்த ரத்தம் யாருடையது என்று விசாரிப்பவர் வெகு சிலர். அவ்விசாரணையையே இன்று நமது வாசகர்கள்முன் வைக்க விரும்புகிறோம்.

தென் அமெரிக்காவின் வடகோடியிலுள்ள வெனிஸுவேலா தேசத்தில் மராக்காய்போ என்று ஒரு மாபெரும் ஏரி இருக்கிறது. அதன் அடியிலிருந்து பெட்ரோலியம் எடுத்துக் கோடீசுவரர்களானவர் பலர். அதன் கரையிலோ, மீன் பிடித்து வயிறு வளர்க்கும் ஏழைகள் ஸான் லூயிஸ், பர்ரான்கிட்டாஸ் முதலிய இடங்களில் வசிக்கிறார்கள். உலகில் வேறெங்கும் காணாத அளவில் ஒரு கொடிய பரம்பரை வியாதி இவர்களைப் பற்றியிருக்கிறது. ஹண்டிங்டன் நோய் என்று அதற்குப் பெயர். அந்நோயின் மூலகாரணத்தை உலகம் அறிந்துகொள்ளப் பெருந்துணை புரிந்தது இவர்கள் கொடுத்த ரத்தமே.

நோயின் கொடுமை

1872-ம் வருஷத்தில் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற 22 வயது அமெரிக்க வைத்தியர் இந்நோயைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் வைத்தியத் தொழில் செய்தவர்கள். ஒரே ஊரில், ஒரே குடும்பங்களில், தலைமுறைக்குப்பின் தலைமுறையாக அவர்கள் கண்டவற்றையெல்லாம் சேர்த்து வைத்து எழுதிய காரணத்தால், அக்கட்டுரை இன்றும் போற்றப்படுகிறது.

முப்பது வயதிலிருந்து ஐம்பது வயதுக்குள், அதாவது ஒருவன் மணம் புரிந்து மக்களையும் பெற்றெடுத்த பின்னரே, பெரும்பாலும் இந்நோய் தலை காட்டுகிறது. கை கால்கள் தம் இஷ்டப்படி துள்ளுகின்றன. நடை தள்ளாடுகிறது, நாக்குக் குழறுகிறது. சுபாவம் மாறிப் புத்தியும் மெல்ல மெல்ல மங்குகிறது. பதினைந்து இருபது வருஷங்கள் இவ்வாறு வதைத்த பின்னரே மரணம் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கும் வராமலிருப்பதற்கும் சம வாய்ப்பு உண்டு. ஆண் பெண் என்ற பேதமும் இல்லை, ஏழை பணக்காரன் என்ற பேதமும் இல்லை. குழந்தை தப்பிவிட்டால் அக்கிளையில் நோய் அத்துடன் அற்றுப்போகிறது. தப்பினோமா இல்லையா என்று அறியாமலே பாதி ஆயுளைக் கழிப்பதுதான் இந்நோயின் முதல் தண்டனை.

ஏரிக்கரையில் நடந்தது

1952-ம் வருஷத்தில் அமெரிகோ நெக்ரெட்டே என்ற வெனிஸுவேலா வைத்தியர் ஸான் லூயிஸுக்கு வந்தார். தெருவில் தள்ளாடிச் சென்றவர்களைப் பார்த்து, குடிவெறியர்கள் என்றே அவர் முதலில் எண்ணினார். அவர்கள் குடித்தவர்களல்லர், "எல் மால்" பிடித்தவர்கள் என்று ஊரார் கூறினர். "தீங்கு" என்பது அச்சொல்லின் பொருள். ஊரார் வாக்கை அலட்சியம் செய்யாது ஆராய்ந்து, அது ஹண்டிங்டன் நோயே என்று நெக்ரெட்டே கண்டறிந்தார். ஆனால் உலகம் அவருடைய சொல்லைக் காதில் வாங்கிக்கொள்ளப் பல வருஷங்கள் சென்றன. 1972-ல் அமெரிக்காவில் இந்நோயைப் பற்றி நடந்த நூற்றாண்டு மகாநாட்டில், அவருடைய மாணவர் ஒருவர் மராக்காய்போ நோயாளிகளைப் படம் பிடித்துக் காட்டியபோதுதான் அங்கிருந்தவர்கள் திடுக்கிட்டனர்.

அச்சபையில் நான்ஸி வெக்ஸ்லர் என்ற இளம் பெண்மணியும் இருந்தார். அவருடைய தாயாருக்கு இந்நோய் இருப்பது 1968-ல் தெரியவந்தது. தந்தையார் மில்டன் வெக்ஸ்லர் அழுது உட்கார்ந்துவிடாமல், அதே வருஷத்தில் பரம்பரை நோய் ஆராய்ச்சிக்கென ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். மகளோ 1979-ல் ஏரிக்கரைக்குச் சென்றார். 1981 முதல் இருபது வருஷங்களுக்கு மேலாக ஆண்டுதோறும் ஒரு கோஷ்டியுடன் அங்கே போய்வந்தார்.

அயல் நாட்டார் வந்து ரத்தமும் தோலும் கேட்டால் யார்தான் கொடுப்பார்கள்? ஜனங்கள் தயங்கினர். "என் தாய்க்கும் இந்நோய்தான், எனக்கும் வரலாம்" என்று வெக்ஸ்லர் கூறியபோது அவர்களுக்கு வியப்பாயிருந்தது. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இத்தீங்கு உண்டு என்று அவர்கள் கனவிலும் கருதியதில்லை. சோதனைக்காகத் தம் தோலையும் வெட்டிக் கொடுத்திருந்த அவருடைய கையிலிருந்த தழும்பை உடனிருந்த தாதி எல்லோருக்கும் காட்டினார். அதற்குப் பிறகு தயக்கம் நீங்கியது. கையெழுத்துப் போட்ட பத்திரங்கள் செய்ய முடியாததை அத்தழும்பு செய்தது! 18,000 பேருக்கு மேற்பட்டவர்களின் வம்சாவளி எழுதப்பட்டது. 4,000-க்கு மேற்பட்டவர்களின் ரத்தம் ஆராய்ச்சிக்கூடங்களை அடைந்தது.

ஆராய்ச்சியின் வெற்றி

அதன் பலன் வெகு சீக்கிரத்தில் கிட்டியது. பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்கும் ஜீன்கள், குரோமோஸோம் என்னும் இழைகளில் வரிசையாய் அமைந்திருக்கின்றன. 1983-ல் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் குஸெல்லாவும் அவருடைய சகாக்களும், ஹண்டிங்டன் நோய்க்குரிய ஜீன் நான்காவது குரோமோஸோமில் இருக்கிறதென்று நிரூபித்தனர். மேலும் பத்து வருஷங்கள் உழைத்து, 1993-ல் ஆறு ஆராய்ச்சிக்கூடங்களைச் சேர்ந்த 58 விஞ்ஞானிகள் அந்த ஜீனையே பிடித்துவிட்டனர்.

அதிலுள்ள கோளாறு என்ன? அச்சுக்கோப்பவர் கை தவறி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கோத்துவிட்டால் பத்திரிகை என்னாகும் என்று நமக்குத் தெரியும். இதுவும் அத்தகையதே. டி.என்.ஏ. என்னும் எழுத்து வரிசையில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்துச் சொல் ஒன்று அடுத்தடுத்து வருகிறது. அது 26 தடவைக்குட்பட்டு வந்தால் தீங்கில்லை. 40 தடவையும் அதற்கு மேலும் வந்தால், வழக்கமான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். சொல் நீள நீள, அந்த ஜீன் உண்டாக்கும் ஹண்டிங்டின் என்ற புரோட்டீன் உருக்குலைகிறது. மூளையின் ஆழத்திலுள்ள நரம்பணுக்கள் மடிகின்றன.

1996-ல் லண்டனில் டாக்டர் கில்லியன் பேட்ஸ் அம்மையாரும் அவருடைய சகாக்களும், கோளாறுள்ள மனித ஜீனின் ஒரு பகுதியைச் சுண்டெலிகளுக்குள் செலுத்தி, அவற்றுக்கு இந்நோய் போன்றதே வரக் கண்டனர். 2000-ல் நியூயார்க்கின் கொலம்பியா ஸர்வகலாசாலையார் ஒருபடி மேலே சென்றனர். விளக்கை ஏற்றி அணைப்பதுபோல் அந்த ஜீனையும் அணைக்கக்கூடிய சுண்டெலிகளை அவர்கள் உண்டாக்கினார்கள். அணைத்தவுடன், மூளையில் திரண்டிருந்த புரோட்டீன் கட்டிகள் மறைந்தன. நோயின் குறிகளும் தணிந்தன. மூளை நோய் ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் திரும்பாது என்ற பழைய அவநம்பிக்கை இதனால் தகர்ந்தது. 2025-ல் ஹார்வர்டைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொரு புதிரையும் விடுவித்தது. பிறவியில் நாற்பது தடவை வரும் சொல், சில மூளை அணுக்களுக்குள் வருஷக்கணக்கில் மெல்ல நீண்டு, எண்பதைத் தாண்டியதும் வேகமாக வளர்ந்து, நூற்றைம்பதைக் கடந்த பிறகே அணுவைக் கொல்லத் தொடங்குகிறதாம். நோய் நடுவயதுவரை பதுங்கியிருப்பதன் மர்மம் இதுவே. அந்த நீட்சியை நிறுத்த முடியுமானால் நோயை வரவிடாமலே தடுக்கலாமென்று விஞ்ஞானிகள் இப்பொழுது முயன்று வருகிறார்கள்.

சிகிச்சையின் நிலை

எனினும், காரணத்தைக் கண்டுபிடித்து முப்பது வருஷங்களுக்கு மேலாகியும், நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. 2008-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெட்ராபெனஸீன் போன்ற மருந்துகள் கை கால் துள்ளலைத் தணிக்குமேயல்லாது நோயின் போக்கைத் தடுக்கமாட்டா.

ஜீன் தன் உத்தரவை நகலெடுத்து அனுப்பியே புரோட்டீனைச் செய்விக்கிறது. அந்நகலை வழியிலேயே அழிக்கும் டாமினெர்ஸன் என்ற மருந்து, முதுகுத்தண்டின் நீரில் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. லண்டனில் டாக்டர் ஸாரா டப்ரிஸி அம்மையார் தலைமையில் நடந்த முதல் பரீட்சையில், அது தீய புரோட்டீனைக் குறைக்கிறது என்று 2017-ல் தெரிந்தபோது உலகெங்குமுள்ள குடும்பங்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தன. ஆனால் 791 பேரிடம் நடத்திய பெரும் பரீட்சை 2021 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அடிக்கடி மருந்து பெற்றவர்களின் நிலை, மருந்தே பெறாதவர்களைவிட மோசமாயிற்று! குறைந்த அளவில் வேறொரு பரீட்சை பின்னர் தொடங்கப்பட்டதெனினும், அன்று உடைந்த மனங்கள் எத்தனை!

அடுத்து, ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யூனிக்யூர் கம்பெனியின் ஏ.எம்.டி. 130 என்ற ஜீன் சிகிச்சை வந்திருக்கிறது. தீங்கற்ற வைரஸ் ஒன்றை வாகனமாக்கி, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நடக்கும் ரணசிகிச்சையால் மூளையின் ஆழத்தில் அதைச் செலுத்துகிறார்கள். அதிக அளவு மருந்து பெற்றவர்களிடம் மூன்று வருஷங்களில் நோயின் வேகம் 75 சதவிகிதம் குறைந்திருந்ததாக 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் மூன்று வருஷம் பூர்த்தி செய்த அத்தகையவர்கள் பன்னிரண்டே பேர். ஒப்பிடப்பட்டதும் வேறிடத்தில் முன்னர் சேகரித்த நோயாளிகளின் விவரங்களுடனேயாம். இவ்வொப்பீடு போதாது என்று அமெரிக்க மருந்து அதிகாரிகள் கருதுவதாக, அக்கம்பெனியே அவ்வருஷம் நவம்பரில் தெரிவித்தது. ஆகவே, வெற்றி முரசு கொட்டும் வேளை இன்னும் வரவில்லை. 2021-ன் படிப்பினையை மறந்து பத்திரிகைகள் ஆரவாரம் செய்வது, நோயாளிகளை இரண்டாம் முறை வதைப்பதாகும்.

கடன் தீர்வது எப்பொழுது?

இது நிற்க. மருந்து பலிக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். யாருக்குக் கிடைக்கும்? இதே யூனிக்யூர் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த மற்றொரு ஜீன் சிகிச்சை, ஹீமோபிலியா என்ற ரத்த வியாதிக்காக 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரே தடவை கொடுக்கும் அம்மருந்தின் விலை 35 லட்சம் டாலர்! மராக்காய்போ செம்படவன் எத்தனை ஜன்மம் வலை வீசினால் இத்தொகையைக் காண்பான்? ரணசிகிச்சைக்கு வேண்டிய கருவிகளும் நிபுணர்களும் அவனுடைய ஊருக்கு எப்பொழுது போய்ச் சேர்வது?

கம்பெனிகளின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பல வருஷ உழைப்பும் பெருந்தொகையும் செலவிட்டு, பலமுறை தோற்ற பின்னரே ஒரு மருந்து கிடைக்கிறது. முதல் போட்டவன் லாபம் எதிர்பார்ப்பது இயற்கை. ஆனால் இங்கு முதல் போட்டவர்கள் அவர்கள் மட்டுமா? தங்கள் ரத்தத்தையும் வம்ச சரித்திரத்தையும் இனாமாகக் கொடுத்த குடிசைவாசிகளும் பங்காளிகளே. ஓர் ஜனத்தொகுதியிடம் ஆராய்ச்சி செய்தால், அதன் பலன் அவர்களுக்கும் கிட்டக்கூடியதாயிருக்க வேண்டுமென்று, உலக வைத்திய சங்கத்தின் ஹெல்ஸின்கிப் பிரகடனமே 2000-ம் வருஷத்துத் திருத்தத்தில் விதித்தது. ஆகையால் நாம் கேட்பது பிச்சையன்று, வைத்தியர்களே ஒப்புக்கொண்ட தர்மம்.

2017-ல் அந்நோய்க் குடும்பங்கள் சில, ரோமாபுரியில் போப்பாண்டவரைத் தரிசித்தன. நோயை இனி மறைத்து வைக்க வேண்டாமென்பதே அச்சந்திப்பின் நோக்கம். 2020-ல் நான்ஸி வெக்ஸ்லரும், தம் தாயாரைக் கொண்டுபோன நோய் தம்மையும் பிடித்திருப்பதை வெளிப்படையாய்ச் சொன்னார். பிறருக்காக உழைத்த கைகளே இன்று நடுங்குகின்றன. வெட்கப்பட வேண்டியவர்கள் நோயாளிகளல்லர் என்பதை அவர் அறிவார்.

மருந்து வருமுன்னரே செய்யக்கூடியதும் உண்டு. உணவும், உடையும், படுக்கையும், பராமரிக்கும் தாதிகளும் அக்குடும்பங்களுக்கு இன்றே வேண்டும். அவற்றுக்கு எந்த ஜீன் ஆராய்ச்சியும் தேவையில்லை. மருந்து வரும் நாளில், விலை நிர்ணயிக்கும் சபையில் ஏரிக்கரையின் சார்பிலும் ஓர் ஆசனம் இருக்க வேண்டும். லாபத்தில் ஒரு பங்கை அவர்களுடைய சிகிச்சைக்கென இப்பொழுதே பத்திரம் எழுதி ஒதுக்க வேண்டும். ரத்தம் கேட்கப் போனபோது ஏரிக்கரைக்கு வழி தெரிந்தவர்களுக்கு, மருந்து கொடுக்கப் போகும்போது மட்டும் வழி தெரியாமற்போகாது என்று நாம் நம்புகிறோம்.