வழிநூலாய் வந்த விளையாட்டு

நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என மூவகைப்படுத்துவர் நன்னூலார். முதல் நூலின் கருத்தை ஏற்றுக்கொண்டு, ஆக்குவோன் தன் விருப்பப்படி சில புதுமைகளையும் சேர்ப்பானாயின் அது வழி நூலாம். இவ்விலக்கணம் ஏட்டளவில் நிற்பதொன்றென எண்ணுவார்க்கு, 2025 செப்டம்பர் 4 ஆம் நாள் வெளிவந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்' என்னும் வீடியோ விளையாட்டை எடுத்துக்காட்டாகக் காட்டலாம். அதனைப் பதினைந்து மணி நேரம் ஆடிய அளவில் எமக்குத் தோன்றியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம். முற்றும் ஆடி முடித்தார் கூறும் தீர்ப்பு அன்று இது.

இத்தகைய விளையாட்டை அறியாத அன்பர்க்கு முதற்கண் ஒரு சொல். திரையில் தோன்றும் உருவமொன்றை நம் விரலசைவால் ஓடவும் தாவவும் செய்து, ஒரு திட்டினின்று மற்றொரு திட்டிற்குக் கொண்டு செல்லுதலைப் பிளாட்பார்ம் விளையாட்டு என்பர். இடையிலே முட்களும் படுகுழிகளும் பகைகளும் உள. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன் முதலிய மிகச் சிலர் கூடிய 'டீம் செர்ரி' என்னுங் குழு 2017 இல் இவ்வகையில் 'ஹாலோ நைட்'டை வெளியிட்டது. பூச்சிகளின் பாழடைந்த அரசாகிய ஹாலோநெஸ்டினுள், ஆணியை வாளாக ஏந்திய வாய் திறவாச் சிற்றுரு ஒன்று இறங்கிச் செல்வதே அதன் கதை. அதற்கென 2014 இல் பொதுமக்களிடம் பொருள் திரட்டியபோது, குறித்த தொகைக்கு மேலுஞ் சேர்ந்தால் ஹார்னெட் என்னும் பெண் பாத்திரத்தையும் ஆடத் தருவதாக அக்குழுவினர் வாக்களித்தனர். அவ்வாக்குறுதியே வளர்ந்து தனி விளையாட்டாகி, 2019 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதன் பின் ஆறாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பு! வேலை தடைப்பட்டதால் நேர்ந்த தாமதம் அன்று, ஆக்குவதில் இன்பங்கண்டு மேலும் மேலும் சேர்த்தமையே காரணம் என்றனர் ஆக்கியோர். வெளிவந்த நாளில் விற்பனைத் தளங்கள் நெரிசலால் திணறின. ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே வேளையில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஆடினர்.

இனி வேறுபாடுகளைக் காண்போம். முன்னது இறங்குங் கதை. பின்னது ஏறுங் கதை. சிறைப்பட்டு ஃபார்லூம் என்னும் நாட்டிற்குக் கொணரப்படும் ஹார்னெட், அந்நாட்டின் உச்சியிலுள்ள கோட்டையை நோக்கி ஏறுகின்றாள். முன்னவன் ஊமை, இவள் பேசுகின்றாள், அதுவும் அளந்தும் சற்றே செருக்கோடும். இவள் கையிலுள்ளது ஊசி, உடலிலுள்ளது பட்டிழை. பகையைக் குத்துந்தோறும் இழை சேரும். ஒன்பது இழை சேர்ந்தபின் அதனைச் செலவிட்டு மூன்று உயிர்ப்பங்குகளை ஒருங்கே மீட்கலாம். அந்தரத்தில் நின்றும் மீட்கலாம். முதல் விளையாட்டிலோ ஓரிடத்தில் அசையாது நின்று ஒவ்வொன்றாகவே மீட்டல் வேண்டும்.

யாம் மிகுதியும் எண்ணிப் பார்த்தது கீழ்நோக்கிய குத்தைப் பற்றியே. முன்னதில் தாவிய வீரன் நேர் கீழே குத்தி, பகையின் முதுகிலும் முட்களிலும் பட்டு எகிறுவான். ஹார்னெட்டோ தொடக்கத்தில் கோணலாகச் சாய்ந்து பாய்கின்றாள். முதல் விளையாட்டில் தேர்ந்த விரல்கள் இங்கே பயனற்றுப் போகின்றன. இலக்கின் மேல் நில்லாது, அதற்குச் சற்று விலகி நின்று பாய வேண்டும். முதல் மூன்று மணி நேரம் இது வேண்டாத புதுமையாகவே பட்டது. பின்னர்த் தூரத்தைக் கணிக்கக் கண் பழகியதும், ஒரு பாய்ச்சலில் இடைவெளியையுங் கடந்து பகையையும் அடிக்கும் அழகு புலனாயிற்று. பழக மனமில்லார்க்கு நேர் கீழே குத்தும் முறையையும் ஆக்கியோர் பின்னர் வைத்துள்ளனர். ஆயினும் அதனைத் தேடிப் பெறல் வேண்டும்.

கடுமையைப் பற்றிய முறையீடு எங்கும் எழுந்தது. எம் விடுதி நண்பர் ஒருவர் இரண்டாம் நாளே கைவிட்டார். முறையீட்டிற்குக் கணக்கு ஒன்று உண்டு. தொடக்கத்தில் ஹார்னெட்டுக்கு உயிர்ப்பங்கு ஐந்து. பல பகைகளின் ஓரடி இரண்டு பங்கைக் கொண்டுபோம். ஆகவே மூன்றடியில் மாள்வாள். நான்கு துண்டுகளை அரிதில் தேடிச் சேர்த்து ஆறாம் பங்கைப் பெற்றாலும், அப்பகைகளின் முன் அதே மூன்றடிதான்! உழைப்பிற்குக் கூலி தோன்றாத இவ்விடத்தில் ஆடுவோர் சினந்ததில் வியப்பில்லை. ஹார்னெட் இயல்பிலேயே விரைவும் திறமும் உடையவளாதலின் எளிய பகையும் அறிவுடையதாய் இருத்தல் வேண்டுமென்பது ஆக்கியோர் விளக்கம். முதல் விளையாட்டில் பெரும்பகையாய் எதிர்ப்பட்ட ஹார்னெட்டின் அசைவுகளையே இங்கே சாதாரண எறும்பு வீரனுக்குக் கொடுத்துள்ளனர். முதல் நூலின் இறுதித் தேர்வு வழி நூலின் முதற் பாடமாயிற்று. வெளிவந்த சில நாட்களில் அனுப்பிய முதற் திருத்தத்தில் மூர்விங், சிஸ்டர் ஸ்ப்ளின்டர் என்னும் இரு பெரும்பகைகளைச் சற்றே தணித்தனர்.

பணத்தைக் குறித்தும் ஒரு செய்தி. ஃபார்லூமில் நாணயம் செபமாலை மணி. இளைப்பாறும் பெஞ்சிற்கும் சில இடங்களில் மணி கொடுத்தாக வேண்டும். இறந்தால் கைமணி யாவும் அவ்விடத்தே கிடக்கும். திரும்பச் சென்று எடுக்குமுன் மீண்டும் இறந்தால் போயிற்று. எண்பது மணி இட்டால் அறுபது மணி கோத்த சரம் ஒன்றைத் தரும் பொறிகள் உள. சரம் இறப்பில் அழியாது. இருபது மணி கொள்ளை என்று தோன்றும். ஆனால் வழியெங்கும் கோட்டையை நாடி நடந்து மடிந்த யாத்திரிகர்களின் உடல்களைக் காண்கின்றோம். பக்தியை விலையாக்கி உறிஞ்சும் நாடு இதுவென்பதை ஒரு வாசகமுமின்றி இப்பெஞ்சும் பொறியும் உணர்த்திவிடுகின்றன. இக்கடுமையை யாம் ஏற்கின்றோம்.

ஏற்க இயலாதது ஒன்றுண்டு. கோட்டை வாயிலைக் காக்கும் 'லாஸ்ட் ஜட்ஜ்' என்னும் பெரும்பகையிடம் தோற்றால், காற்று மோதும் மணற்பாறைகளின் மேல் நெடுந்தூரம் தாவித் தாவியே மீண்டும் அவன்முன் வரல் வேண்டும். போரிற் கற்பதற்கு ஒவ்வொரு முறையும் பொருளுண்டு. பத்தாம் முறை அதே பாறையைத் தாவுவதில் ஒன்றுமில்லை. திருத்துவோர் இதனைக் கருதியிருக்கலாம்.

முன்னதை ஆடாதார், ஹாலோநெஸ்டினின்றே தொடங்குக. விலையும் அதற்குக் குறைவு. ஆடியவர் இதனைத் தயங்காது வாங்கலாம். அமெரிக்காவில் இருபது டாலர் அளவில் வெளியிடப்பட்டது. கிறிஸ்டோபர் லார்கினின் இசை இருத்தலின் காதுக்கருவி ஒன்றும் வேண்டும். விடுதியில் பக்கத்து அறையினர்க்கும் அது நலம்.