பன்னிரண்டு வயதில் முளைக்கும் கடைவாய்ப் பல்

ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலிருந்து டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளை பஸ் ஏறும் வயதில்தான், அதன் வாய்க்குள்ளே கோடியில் நான்கு புதுப் பற்கள் முளைக்கின்றன. பால்பல் விழுந்த இடத்தில் வருபவை அல்ல இவை. முன்னால் எதுவும் ஆடுவதில்லை, விழுவதில்லை. ஆகவே வீட்டில் யாரும் கவனிப்பதுமில்லை. இரண்டாவது கடைவாய்ப் பல் என்று இதற்குப் பெயர். ஏறக்குறைய 12, 13 வயதில் வரும். போனால் திரும்பி வராது.

"பல்லுதானேங்க, வலிச்சா டவுனுக்குப் போயி புடுங்கிட்டா போச்சு" என்று சொல்லும் தாய்மார்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. விடியுமுன் எழுந்து, சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடிய தலைமுறைக்குப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்க்க ஏது நேரம்? ஆனால் பதினைந்து வயதில் பிடுங்கிய கடைவாய்ப் பல்லுக்குப் பதிலாக, அந்தப் பிள்ளை இன்னும் அறுபது வருஷத்துக்கு மற்ற பக்கத்திலேயே மென்றாக வேண்டும். அதையும் நினைத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

புதிதாக முளைத்த பல் பார்ப்பதற்குத்தான் கல்லைப்போல் இருக்கும். அதன் மேலோடு முழுதாக இறுகுவதற்கு இரண்டு மூன்று வருஷம் பிடிக்கிறது. எச்சிலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தையும் மற்றச் சத்துகளையும் மெல்ல மெல்ல வாங்கித்தான் அது உறுதிப்படுகிறது. கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பிலோ ஆழமான பள்ளங்கள். பல் பாதி முளைத்திருக்கும்போது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்து கிடப்பதால் பிரஷும் எட்டுவதில்லை. இந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளையின் கையில் காசு புழங்க ஆரம்பிக்கிறது. சிற்றுண்டிச்சாலையில் சிராப் தண்ணீர், பஸ் நிற்கும் இடத்தில் கலர் போத்தல், வீட்டுக்கு வந்தால் கெட்டிப்பால் ஊற்றிய தே.

சீனி பல்லைத் தின்பதில்லை. வாயில் இருக்கும் கிருமிகள் சீனியைத் தின்று புளிப்பான அமிலத்தை வெளியே விடுகின்றன. அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது. பால் உறையப் போடும் ஆசிட் கொட்டிய சிமெண்டுத் தரை எப்படிப் பொரிந்துபோகும் என்பது ரப்பர் ஸ்டோரில் வேலை பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவை இனிப்பு உள்ளே போனதும் ஏறக்குறைய அரை மணி நேரம் இந்தக் கரைசல் நடக்கும். பிறகு எச்சில் வந்து புளிப்பைப் போக்கி, கரைந்த சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். ஆகவே ஒரு போத்தலை ஒரே மூச்சில் குடித்து முடிப்பதைவிட, மத்தியானம் முழுக்க வாய் வாயாக உறிஞ்சிக்கொண்டிருப்பதே அதிகக் கெடுதல். எச்சில் தன் வேலையைச் செய்ய இடைவெளியே கிடைப்பதில்லை.

இந்த இடத்தில்தான் புளோரைடு உதவிக்கு வருகிறது. பல்லின் மேல் கொஞ்சமாக அது இருந்துகொண்டிருந்தால், போன சத்து விரைவாகத் திரும்புகிறது. திரும்பி வைக்கப்பட்ட பகுதி, அடுத்த தடவை புளிப்புக்கு முன்பைப்போல் சுலபமாகக் கரையாது. உள்ளே விழுங்கினால்தான் பல் கெட்டியாகும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். பல்லின் மேலே தினமும் படுவதுதான் பெரிய பலன் என்று இன்று தெரிந்துவிட்டது. முளைத்து முடித்த பல்லுக்கும் அதனால் பலன் உண்டு.

அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் 1945-இல் குடிதண்ணீரில் அளவாகப் புளோரைடு கலந்தார்கள். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம் சொத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நம் நாட்டில் 1957-இல் ஜொகூரில் இந்த வேலை தொடங்கியது. 1972-இல் நாடு முழுவதற்கும் அரசாங்கக் கொள்கையாயிற்று. தண்ணீரில் பத்து லட்சத்துக்கு 0.7 பங்கு என்றிருந்த அளவை 2005-இல் 0.5 ஆகக் குறைத்தார்கள்.

நல்லதுதான். ஆனால் இந்த ஏற்பாடு எல்லாம் பொதுக் குழாய்த் தண்ணீருக்கு. ஆற்றிலிருந்தோ குளத்திலிருந்தோ தோட்டமே இறைத்து, வடிகட்டி லயத்துக்கு விட்ட தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. பல வருஷங்களாக நம் மக்கள் குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். டவுன் பிள்ளைக்குக் குழாயைத் திறந்தாலே கிடைத்த காப்பு, தோட்டத்துப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போனது. நம் பிள்ளைகள் பல்லைச் சரியாக விளக்குவதில்லை என்று எளிதாகப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசினால் நன்றாயிருக்கும். இன்றைக்கும் தோட்டத்தில் குடியிருப்போர், தங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நிர்வாகத்திடம் கேட்பதில் தப்பில்லை. தோட்ட வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

டவுன் அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களுக்கும் ஒரு வார்த்தை. தண்ணீரைக் கொதிக்க வைப்பதால் புளோரைடு போய்விடாது. ஆனால் வீட்டில் மாட்டும் சில வகை வடிகட்டிகள், முக்கியமாக 'ஆர்.ஓ.' என்று விற்பவை, அதையும் சேர்த்தே எடுத்துவிடுகின்றன.

"புளோரைடு விஷமாச்சே, எங்க பாட்டன் ஊர்ல பல்லெல்லாம் காவி ஏறிக் கெடக்குமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடித் தண்ணீரில் இயற்கையாகவே புளோரைடு மிகுதி. பல்லில் கறை மட்டுமா, எலும்பும் வளைந்துபோனவர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரை அங்கே கொண்டுபோனதற்கும் அதுதான் காரணம். உலகச் சுகாதார நிறுவனம் குடிதண்ணீருக்குச் சொல்லும் உச்ச அளவு 1.5 பங்கு. நம் குழாயில் கலப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. உப்பும் அப்படித்தானே? சிட்டிகை போட்டால் குழம்பு, கைப்பிடி போட்டால் வாயில் வைக்க முடியாது.

தண்ணீர் எப்படியிருந்தாலும், பற்பசை நம் கையில் இருக்கிறது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். புளோரைடு என்று எழுதி, அதன் அளவு 1,000 முதல் 1,500 பி.பி.எம். வரை போட்டிருக்க வேண்டும். மூலிகைப் பசைகள் சிலவற்றில் அது கிடையாது. கரித்தூளும் உப்பும் பல்லைத் தேய்க்குமே தவிரப் புளோரைடு தராது. இளஞ்சிவப்புப் பல்பொடியின் மேல் நமக்கும் பிரியம் உண்டு. ஆனால் சொத்தையைத் தடுக்க அது போதாது. விலை கூடின பசைதான் வேண்டும் என்பதில்லை. புளோரைடு இருந்தால் மலிவானதும் அந்த வேலையைச் செய்யும்.

இராத்திரி படுக்கப்போகுமுன் விளக்குவது முக்கியம். தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுகிறது. காலையில் இன்னொரு தடவை. விளக்கியதும் நுரையைத் துப்பினால் போதும். நாம் சின்ன வயதிலிருந்து பழகியதுபோல் சொம்புத் தண்ணீரால் களக் களக்கென்று கொப்பளித்தால், போட்ட மருந்தெல்லாம் சாக்கடைக்குப் போய்விடும். பெரிய பிள்ளைக்கு இதைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். ஆறு வயதுக்குட்பட்ட தம்பி தங்கைக்கு மட்டும் பட்டாணி அளவு போதும், மூன்று வயதுக்குக் கீழே அரிசியளவு. விழுங்காமல் துப்புகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

பள்ளிக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வரும் நாளில் பிள்ளையை மட்டம் போட விடாதீர்கள். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தை அடைக்கும் பூச்சு அவர்களிடம் உண்டு. சொத்தை விழுமுன் போட்டால்தான் அதற்கு முழுப் பலன். தேவைப்பட்டால் புளோரைடு வார்னிஷும் தடவுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை.

அதற்கு முன்னே, இன்று ராத்திரியே பிள்ளையின் வாயைக் கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடலாம். பல்லில் சுண்ணாம்பு தடவியதுபோல் மங்கலான வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது கரைசலின் ஆரம்பமாக இருக்கலாம். புளோரைடு படப்பட, இனிப்பும் குறைந்தால், அது அங்கேயே நின்றுவிடக்கூடும். பள்ளமாகிக் கறுத்துவிட்டதென்றால் பசையால் அது அடையாது. வலிக்கும்வரை காத்திராமல் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். அந்த நிலையில் இன்னும் அடைத்துக் காப்பாற்றலாம், பிடுங்க வேண்டியதில்லை.