மண் சொல்லும் சாட்சி



நீதிமன்றத்திற்கு வரும் சாட்சி சத்தியம் செய்து, கேட்ட வினாக்களுக்கு விடை கூறுகிறார். வாயில்லாப் பொருள்களும் அவ்வாறு சாட்சி கூறுவதுண்டு. ஒரு பல், ஒரு பொத்தான், மட்கிய துணியின் ஒரு துண்டு ஆகியவற்றிற்கும் சொல்வதற்குச் செய்தி உண்டு. ஆயினும், அவை எங்கே கிடந்தன, எவர் எடுத்தார், எவர் கையிலிருந்து எவர் கைக்குச் சென்றன என்ற வரலாறு இடையறாது இருந்தால் மட்டுமே நீதிமன்றம் அச்சாட்சியை ஏற்கும். அவ்வரலாற்றைக் காக்கும் முறையைத் தடயவியல் பணியாளர்க்குக் கற்பிப்பது பற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

வன்னிப் பெருநிலத்திற்கு இது வெறும் ஏட்டுக் கல்வி அன்று. 2023 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள், முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகளும் உடைகளும் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் கட்டளைப்படி, சட்ட வைத்திய அதிகாரிகளும் தொல்லியற் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையிலான குழுவினரும் அகழ்வை மேற்கொண்டனர். 2023 செப்டெம்பர், நவம்பர், 2024 ஜூலை ஆகிய மூன்று கட்டங்களில் 52 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. உடைகளும் இலக்கத் தகடுகளும் உடன் கிடைத்தன.

இலக்கத் தகடு ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குரியவர் யாரென அறிந்துவிடலாம் என்று நாம் எண்ணுவோம். ஆனால், அத்தகடு எந்த எலும்புக்கூட்டின் அருகே, எவ்வளவு ஆழத்திலே கிடந்தது என்பது பதியப்படாவிட்டால், அது வெறும் உலோகத் துண்டாகிவிடும். பொருளிலே பாதிச் சாட்சி இருக்கிறது. அது கிடந்த இடத்திலே மறுபாதி இருக்கிறது. ஒரு முறை தோண்டிய குழியை மறுமுறை தோண்ட இயலாது. ஆகவேதான் கைக்கருவியைத் தொடுமுன் கண்ணையும் எழுதுகோலையும் பழக்க வேண்டியிருக்கிறது.

அப்பயிற்சியின் படிகள் எளியவை. ஆனால் ஒன்றையேனும் விட்டுவிடுதல் கூடாது. முதலில் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே செல்வோர் அனைவரின் பெயரையும் நேரத்தையும் குறித்தல் வேண்டும். பொருளை அசைக்குமுன், அளவுகோலும் வடதிசைக் குறியும் அருகில் வைத்துப் படம் எடுத்தல் வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளத்தல் வேண்டும். வெட்டியெடுத்த மண்ணைச் சல்லடையில் சலிக்காவிட்டால் விரலெலும்பும் பல்லும் சன்னமும் மண்ணோடு மண்ணாகப் போய்விடும். கையுறையும் முகமூடியும் பணியாளரின் நலத்துக்கு மட்டுமல்ல. அவருடைய மரபணு தடயத்திலே கலந்துவிடாமற் காப்பதற்குமாகும்.

எடுத்ததைப் பேணுவதிலும் நுட்பம் உண்டு. ஈரமான துணியைப் பிளாஸ்டிக் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கெடும். நிழலிலே உலர்த்திக் காகிதப் பையில் இட வேண்டும். ஒருவருடைய எலும்புகளை மற்றொருவருடையவற்றோடு கலத்தல் ஆகாது. ஒவ்வொரு பொதிக்கும் இலக்கம், திகதி, கையொப்பம், முத்திரை ஆகியன வேண்டும். பொதி கைமாறும் ஒவ்வொரு முறையும் கொடுத்தவரும் பெற்றவரும் ஒப்பமிட வேண்டும். அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், இது மாற்றப்பட்ட பொருளன்று என்று நிறுவுவது கடினம். வட கீழ்ப் பருவமழை தொடங்கினால் வன்னியிலே குழி குளமாகிவிடும். கூரையும் வடிகாலும் அமைப்பதுங்கூடத் தடயப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

வன்னியின் மேற்குக் கரையிலுள்ள மன்னாரின் கதையும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2018 இல் அங்கு சதொசக் கட்டடத்துக்கு நிலம் வெட்டியபோது வெளிப்பட்ட புதைகுழியிலிருந்து 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. சில மாதிரிகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, அவை கி.பி. 1404 முதல் 1635 வரையான காலத்தவை என 2019 இல் விடை வந்தது. உறவினர் பலர் அதனை ஏற்கவில்லை. இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பது எது? மாதிரி எந்தப் படையிலிருந்து எடுக்கப்பட்டது, அதனருகே வேறு என்ன கிடந்தது என்ற பதிவும், மற்றோர் ஆய்வுகூடம் மீண்டும் சோதிக்கத்தக்கவாறு பேணப்பட்ட எச்சமுமே.

பயிற்சி என்ன செய்யும் என்பதற்கு ஆர்ஜென்ரீனா சான்று. 1983 இல் அங்கு இராணுவ ஆட்சி முடிந்ததும், பயிற்சியற்றோர் இயந்திரங்களால் புதைகுழிகளைத் தோண்டினர். எலும்புகள் நொறுங்கிக் கலந்தன. பல தடயங்கள் அழிந்தன. 1984 இல் அமெரிக்க அறிஞர் கிளைட் ஸ்னோ அங்கே சென்று, மாணவர் சிலருக்கு முறையான அகழ்வைக் கற்பித்தார். அவர்கள் கண்டெடுத்தவற்றைக் கொண்டு 1985 இல் படைத்தலைவர்களின் வழக்கிலே அவர் சாட்சியம் அளித்தார். அம்மாணவர் குழு பின்னர் உலகின் பல நாடுகளுக்கும் சென்று பணியாற்றும் நிறுவனமாக வளர்ந்தது.

இப்பயிற்சி அதிகாரிகளோடு நின்றுவிடலாகாது. புதைகுழியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் கிணறு வெட்டுபவர், வீதி போடுபவர், காணி துப்புரவு செய்பவர். அவர் செய்யத்தக்கது மூன்றே: வேலையை நிறுத்துதல், எதையும் எடுக்காதிருத்தல், பொலிசாருக்கோ கிராம அலுவலருக்கோ உடனே அறிவித்தல். இரக்கத்தினால் எலும்புகளைக் கூட்டி ஓரிடத்தில் வைப்பதும் சாட்சியைக் குலைப்பதாகும்.

இன்னொரு தடயம் மண்ணுக்கு மேலே இருக்கிறது. அது தாயின் உடலில் உள்ளது. தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுக் கூறு ஒன்று எலும்பிலும் நெடுங்காலம் நிலைக்கக் கூடியது. அவளுடைய மாதிரியோடு ஒப்பிட்டு, இவர் இன்னார் பிள்ளையாகலாம், அல்லர் என்று கூற இயலும். கிளிநொச்சியிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அன்று முதல் விடை காணாமலே கண்மூடிய பெற்றோர் பலர். அவர்கள் இசைவோடு மாதிரிகளை இன்றே பெற்று, முறையாகப் பேணாவிட்டால், நாளை எலும்பு பேசினாலும் அதன் மொழியைப் பெயர்த்துச் சொல்ல ஆளிராது. குழியிலுள்ளது காத்திருக்கலாம், தாய்மார் நெடுங்காலம் காத்திருக்க இயலாது.